மூலை வெட்டிய விரிப்புகள்

‘அவர் நல்லவர், கூட இருக்கிறவங்கதான் சரியில்லை’ என்று சொல்லியே காலம் தள்ளும் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். ஆட்சி நாற நாற இவர்கள் குரல் உரக்கும்.

அமெரிக்காவின் ஒஹாயோவில், நாட்டுக்கு ஒரு ஜனாதிபதியையே கொடுத்த சிற்றூரில், இந்த இனத்துக்குத் தலைமகன் இரும்புக்கடை வெர்னான் ஹூப்லர். தேர்தல் சமயத்தில் ஜனாதிபதி தம் வீட்டு வராந்தாவில் நின்று வந்தவர் போனவருக்கெல்லாம் கைகொடுத்தாரே, அந்தக் கையைக் குலுக்கியவர். குலுக்கியதிலேயே மனசையும் எடைபோட்டுவிட்டாராம்! சவரக்கடை நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருக்கையில், மந்திரி லஞ்சம் வாங்கி அரசாங்க எண்ணெய் வயலைக் குத்தகைக்கு விட்ட கதை வந்தாலும், ஜனாதிபதியின் சீட்டாட்டக் கூட்டாளி படைவீரர் மருத்துவமனைச் சாமான்களை வண்டி வண்டியாக விற்றுத் தள்ளிய கதை வந்தாலும், பதில் ஒன்றுதான்.

“பாவம்யா, அவருக்கு ஒண்ணுமே தெரியாது!”

“அப்ப ஏதாவது தெரிஞ்ச ஆளா உக்கார வெச்சிருக்கலாமேண்ணே?” என்பார் சவரக்காரர் கஸ்.

“கையில கத்தி இருக்குன்னு ரொம்பப் பேசாதடா.”

வெர்னானின் மகன் கிளைட், ஐரோப்பாவில் நடந்த பெரும்போரில் விஷப்புகையில் நுரையீரல் வெந்துபோய், அப்படியொரு மருத்துவமனையில்தான் கிடந்தான். குளிர்காலத்தில் கடிதம் வந்தது. அங்கே படுக்கை விரிப்புகள் தீர்ந்துவிட்டனவாம். வெறும் மெத்தையில் படுத்து இருமிக்கொண்டிருக்கிறானாம்.

தகப்பன் துடித்துப்போனார், அதில் பொய்யில்லை. அன்றே ரயிலேறி நகரத்துக்குப் போய், மலிவு விற்பனையில் புத்தம்புது விரிப்புகள் ஒரு கட்டு வாங்கிவந்தார். என்ன சாமர்த்தியம்! மனைவி லொட்டி பிரித்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் முத்திரை. கிளைட் படுத்திருக்கும் அதே மருத்துவமனையின் பெயர்.

“நம்ம புள்ளைக்கு விரிக்க வேண்டியதத் திருடி நம்மகிட்டயே வித்திருக்கானுங்க. இப்பவாவது உங்க வாயில ஒரு வார்த்தை வருமா?”

வெர்னான் முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து, ஒவ்வொரு விரிப்பிலும் அந்த மூலையை நறுக்கத் தொடங்கினார்.

“என்ன பண்றீங்க?”

“கிளைட் இதைப் பார்த்தா அவரைத் தப்பா நினைச்சிடுவான், லொட்டி.”

அந்த விரிப்புகளில்தான் கிளைட் மார்ச் வரை இருமினான். அதற்குமேல் அவனுக்கு விரிப்பு தேவைப்படவில்லை. வெர்னான் இன்றும் நாற்காலியில் சாய்ந்து அதையேதான் சொல்கிறார். வெட்கங்கெட்ட விசுவாசம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் தலைவர் யாரென்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் கடைசியாக எதை வெட்டியது என்று மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.