டாலரும் ஸ்டோர்கீப்பரின் நாக்கும்

"போன வாரம் இந்த விலை இல்லையே" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"போன வாரம் இந்த டாலரும் இல்லையே சார்" என்றார் தையல் மெஷின் கடைக்காரர்.

மெஷினின் கழுத்தில் தொங்கிய அட்டை, சீட்டு மேல் சீட்டாக ஒட்டி ஒட்டித் தடித்துப் போயிருந்தது. ஸ்டோர்கீப்பர் மேல் சீட்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். அடியில் போன வார விலை பத்திரமாக இருந்தது. அதற்கும் அடியில் முந்தின வார விலை, இன்னும் மலிவாக.

"சுரண்டினா பழைய விலைக்குக் கிடைச்சிடாது சார். வெளிநாட்டு மெஷின், மோட்டார் வச்சது. கம்பெனிக்காரன் டாலர்லதான் கேக்கறான். டாலர் ஏறினா நானும் ஏத்தித்தான் ஆகணும்."

"எறங்கினா?"

"எறங்கட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

ஸ்டோர்கீப்பர் பெருமூச்சு விட்டார். மாதாமாதம் ஓவர்டைம் பார்த்து அவர் பணம் சேர்ப்பார். அவர் ஒரு சாண் ஏறினால் மெஷின் ஒரு முழம் ஏறிவிடும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இதை வாங்கி வீட்டில் வைத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. சீருடை தைக்கும் காலம் வந்துவிட்டால் அவருடைய மனைவி ராத்திரி பகல் பார்க்காமல் தன் பழைய தையல் மெஷினை மிதிப்பாள். அப்புறம் வீங்கிய முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, சும்மா தேய்க்கறேன்" என்பாள்.

அந்தக் கால்களுக்கு அவர் கடன்பட்டிருந்தார். முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையை ஒரு நாள் காலையில் பூட்டிவிட்டார்கள். இப்போதிருக்கும் பெயிண்ட் கிடங்கில் வேலை கிடைக்கும்வரை ஒரு வருஷம் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பழைய மெஷினின் மிதிகட்டையால்தான். வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், அவருடைய தேநீர்ச் செலவு எல்லாம் தலையணை உறைகளாகவும் திரைச்சீலைகளாகவும் அவள் கையிலிருந்து வந்தன. "இப்படி உட்கார்ந்திருக்கிறீர்களே" என்று ஒரு சொல் சொன்னதில்லை. அவரும் "உன்னால்தான் பிழைத்தேன்" என்று ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லத்தான் ஆசை. வாயைத் திறந்தால், "குழம்புல உப்பு சரியா இருக்கு" என்பதுதான் வெளியே வரும். அதனால் சொல்ல வேண்டியதை மெஷினாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தார்.

கடைக்காரருக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஒரு யோசனை சொல்றேன் சார். நீங்க சேக்கற பணத்தை டாலராவே மாத்தி வச்சுக்குங்க. மெஷின் வெலை ஏறினா உங்க கையில இருக்கறதும் கூடவே ஏறும்."

இவ்வளவு எளிய விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று ஸ்டோர்கீப்பருக்கு ஆச்சரியம். கடைக்காரருக்கு மனமார நன்றி சொன்னார். வெளியாட்களுக்கு நன்றி சொல்வதில் அவருக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

பணம் மாற்றும் கடை நாலு தெரு தள்ளி இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து அடையாள அட்டைகளை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். மேலே பலகையில் டாலருக்கு இரண்டு விலை போட்டிருந்தது: கடை வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று.

"ஒரே டாலருக்கு எதுக்குங்க ரெண்டு வெலை?"

"நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு பாருங்க" என்றார் முதலாளி. "அதுலதான் சார் நான் குடும்பம் நடத்தறேன்."

மரியாதையான மனிதர். நோட்டை இரண்டு கையாலும் கொடுத்து, நன்றியும் சொன்னார். ஸ்டோர்கீப்பர் டாலர்களை மடித்துக் கிடங்குக்குக் கொண்டுபோய், தன் அலமாரியில் ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்குத் தன் நாக்கின் நினைவு வந்துவிட்டது.

அவர் வாய் முகூர்த்தம் அப்படி. எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாக நடக்கும். "இன்னைக்கு மழை வராது" என்று அவர் சொன்னால் கிடங்கில் எல்லாரும் குடையைத் தேடுவார்கள். பழைய தொழிற்சாலையைப் பற்றிக்கூட, "இதை யாரும் அசைக்க முடியாது" என்று அவர் சொன்ன வாரத்தில்தான் பூட்டு விழுந்தது. ஆகவே டாலர் ஏற வேண்டுமென்றால், அது விழும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இதுதான் பாதுகாப்பு.

"இந்த டாலர் இருக்கே, இனிமே தொபுக்குன்னு விழும் பாரு" என்றார், தட்டைப் பார்த்தபடி.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நெசமாவா சொல்றீங்க?"

"எழுதி வச்சுக்கோ. ரெண்டு நாள்ல விழும்."

"உங்களுக்கு எப்படீங்க இதெல்லாம் தெரியுது?"

"பேப்பர் படிக்கறவனுக்குத் தெரியாதா?" என்றார். மனைவி இவ்வளவு அக்கறையாகக் கேட்டது அவருக்கு இதமாக இருந்தது.

ரெண்டே நாளில் டாலர் விழுந்தது.

ஸ்டோர்கீப்பருக்கு நம்ப முடியவில்லை. பிறந்தது முதல் பலிக்காத வாக்கு, கையில் டாலர் வந்ததும் பலிக்கிறது. விழுந்தால் என்ன, மெஷின் விலையும் குறைந்திருக்குமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கடைக்கு ஓடினார். சீட்டு மாறாமல் இருந்தது.

"டாலர் எறங்கிடுச்சே" என்றார்.

"எறங்கிடுச்சு சார். ஆனா இது ஏறினப்ப வாங்கின சரக்கு."

"ஏறினப்ப மட்டும், எறங்கினப்ப வாங்கின சரக்குக்கு வெலை ஏத்தினீங்களே?"

கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, "அதெல்லாம் அப்பவே வித்துப்போச்சு சார்" என்றார்.

இன்னும் விழுந்துவிட்டால் என்ன செய்வது? கிடங்குக்குப் போய் டப்பாவைத் திறந்து, டாலர்களை எடுத்துக்கொண்டு பணம் மாற்றும் கடைக்குப் போய் விற்றுவிட்டார். முதலாளி இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னார். கொஞ்சம் நஷ்டம்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீடு திரும்பினார். விற்றாகிவிட்டது, இனி அது ஏறக்கூடாது. ஆகவே சாப்பிடும்போது, "இனிமே டாலரைப் பிடிக்க முடியாது, ஏறிக்கிட்டே போகும்" என்று முழங்கினார்.

"ஏறுமாங்க?" என்றாள் மனைவி. "நாளைக்கேவா?"

"நாளைக்கு இல்லேன்னா மறுநாள்."

மறுநாள் ஏறியது. மெஷின் கழுத்தில் அன்றைக்கே புதுச் சீட்டு விழுந்தது. ஸ்டோர்கீப்பர் அடித்துப் பிடித்துக்கொண்டு போய் மறுபடி டாலர் வாங்கினார், விற்ற விலையைவிட அதிகம் கொடுத்து. வீட்டில், "விழப்போகுது" என்றார். விழுந்தது. விற்றார். "ஏறப்போகுது" என்றார். ஏறியது.

இப்படியே போயிற்று. சொன்னதையெல்லாம் பலிக்க வைக்கும் நாக்கு ஒருவனுக்கு இருந்தால் அவன் குபேரனாகலாம். அவரோ, நாக்கு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக, ஓவர்டைம் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தார். நாக்கு சொன்னபடியே செய்து பார்த்தால் என்ன என்று ஒரு தரம் தோன்றாமல் இல்லை. ஆனால் வாழ்நாள் அனுபவத்தை ஒரு மாதத்து டாலருக்காகத் தூக்கியெறிய அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டில் மட்டும் என்னவோ வெளிச்சம் கூடியிருந்தது. மனைவி தைக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். அவர் சாப்பிட உட்கார்ந்தால் அருகிலேயே வந்து உட்கார்ந்து, "அப்புறம்? டாலர் என்ன பண்ணும்?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை யாரும் இப்படி வாய் பார்த்துக் கேட்டதில்லை. பணம் போனாலும் இது கிடைத்ததே என்று அவர் உள்ளூர நெகிழ்ந்துபோனார். திரைச்சீலை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவள் அடிக்கடி வெளியே போனாள். பாவம், அந்த முழங்காலோடு.

ஒரு நாள் பணம் மாற்றும் கடை முதலாளியிடம் மனம் விட்டுக் கேட்டார்.

"நான் வாங்கினா விழுது, வித்தா ஏறுது. எல்லாருக்குமே இப்படித்தானா?"

"எல்லாருக்கும் இல்ல சார்" என்றார் முதலாளி தயக்கத்தோடு. "இன்னொரு கஸ்டமர் இருக்காங்க. உங்களுக்கு அப்படியே நேர் எதிர். நீங்க வாங்கிட்டுப் போன மறுநாள் விக்க வருவாங்க, அப்புறம் விழும். நீங்க வித்துட்டுப் போன மறுநாள் வாங்க வருவாங்க, அப்புறம் ஏறும். உங்க நோட்டு அவங்களுக்கு, அவங்க நோட்டு உங்களுக்கு. ஒரு தடவை கூடத் தப்பினதில்ல."

ஸ்டோர்கீப்பருக்கு வயிறு எரிந்தது. தன் ஓவர்டைம் எங்கே போகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. எவனோ ஒரு மகராசன் உட்கார்ந்த இடத்தில் அள்ளிக்கொண்டிருக்கிறான்.

"அவருக்கு மட்டும் எப்படித் தெரியுதாம்?"

"அவங்க வீட்ல வெவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காராம். டாலர் விஷயத்துல அவர் வாக்கு பொய்க்காதாம்."

எரிச்சல் அப்போதே பக்தியாக மாறியது. "அந்த மனுஷன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்."

நல்ல உள்ளம் படைத்த முதலாளி கேட்டும் சொன்னார். "ஏறும்னு நேத்துதான் சொன்னாராம் சார்" என்று மறுநாள் தகவல் வந்தது. ஸ்டோர்கீப்பர் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல், மிச்சமிருந்த அத்தனைக்கும் டாலர் வாங்கினார். இவ்வளவு பெரிய ஆள் சொன்ன பிறகு தன் நாக்கால் காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று, வீட்டில் கூடுதல் ஜாக்கிரதையாக, "விழப்போகுது, அதல பாதாளத்துக்கு விழப்போகுது" என்று மூன்று தரம் சொல்லி வைத்தார்.

விழுந்தது.

முதலாளியிடம் ஓடினார். "அந்த ஆள் ஏறும்னாரே?"

"மறுநாளே மாத்திச் சொல்லிட்டாராம் சார். அவங்க காலையில வந்து வித்துட்டுப் போயிட்டாங்க."

இனிமேல் தாங்காது என்று ஸ்டோர்கீப்பருக்குத் தோன்றிவிட்டது. கடைசி டாலரையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனார். வழியில் தையல் மெஷின் கடை வந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் அடுத்த வாரம் திறக்கிறது. கையில் இருப்பதைக் கொண்டு அந்த மெஷினின் மோட்டாரைக்கூட வாங்க முடியாது.

ஆனால் நடக்க நடக்க வேறொன்று மனத்தில் தெளிந்தது. மெஷின் இல்லாவிட்டால் என்ன, சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிட்டால் போகிறது. "அந்த ஒரு வருஷம் நீதான் எங்களைக் காப்பாத்தினே. அதை நான் ஒரு நாளும் மறக்கல." இவ்வளவுதானே. இதற்கு டாலர் எதற்கு? இன்று சாயங்காலம் உப்பு சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தபோது, அவர் கண் லேசாகக் கலங்கியது.

கடையில் பலூன் கட்டியிருந்தார்கள். முதலாளி வாசலுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடை ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது சார். போன மாசம் வாடகை கட்ட முடியாம மூடிடலாம்னு இருந்தேன். உங்களை மாதிரி ரெண்டு பேர் மாத்தி மாத்தி வந்ததாலதான் கடை நிக்குது. இந்த நன்றியை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

தன் நஷ்டத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டிருக்கிறது என்பது ஸ்டோர்கீப்பருக்கு எப்படியோ ஆறுதலாக இருந்தது. அதிக முறை வந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பரிசாம். இரண்டாம் பரிசு அவருக்கு, ஒரு சுவர்க்கடிகாரம். முதல் பரிசு, சக்கரம் வைத்த பெரிய பயணப் பெட்டி, கண்ணாடித் தடுப்பின் ஓரம் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அது அந்த இன்னொருத்தருக்கா?" என்றார்.

"ஆமா சார்."

பொறாமைப்படத்தான் நினைத்தார், வரவில்லை. "இருக்கட்டும். ஜெயிச்சவர் நல்லா இருக்கட்டும்" என்றார். "ஒரே ஒரு ஆசை. அவங்க வீட்ல இருக்காரே, அந்த வாக்கு பொய்க்காத மனுஷர், அவரை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடறேன். விலாசம் கிடைக்குமா?"

முதலாளி கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதுவரை அடையாள அட்டை நகல்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண் எழுந்து, பயணப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினாள்.

"உங்க ரெண்டு பேர் அட்டையிலயும் ஒரே விலாசம்தானே சார், இதையும் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க வாக்கை நம்பியே உங்களுக்கு ஒரு வண்டி வாங்கற அளவுக்குச் சேத்துட்டேன்னு உங்க வீட்டம்மா காலையிலதான் வந்து நன்றி சொல்லிட்டுப் போனாங்க."