கொட்டைக்கு அளவெடுத்த இன்ச்டேப் மாஸ்டர்

சிராங்கூன் ரோட்டில் மனிதர்களுக்கு அளவெடுத்த தையற்காரர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஒரு அவகாடோ கொட்டைக்கு மார்பளவு எடுத்து ஆர்டர் புத்தகத்தில் எழுதிவைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர்.

எண்பதுகளின் தொடக்கம். ஃபேரர் பார்க்கில் அடுக்குமாடி வீடு. அவர் பெயர் எங்கள் மாடியில் யாருக்கும் தெரியாது. இன்ச்டேப் மாஸ்டர், அவ்வளவுதான். காரிடார் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பெண்களுக்கு ரவிக்கை தைப்பார். வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. கழுத்தில் எந்நேரமும் டேப். ஞாயிறு பூசைக்கும் அதோடுதான் போவார். பங்குச் சாமியார் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "சட்டைய மறந்தாலும் மறப்பேன் சாமி, இத மறக்க மாட்டேன்" என்றாராம்.

அதே மாதா கோயிலுக்கு வரும் ஸ்டெல்லா டீச்சர் இவரிடம்தான் ரவிக்கை தைப்பார். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் அண்ணன் வீட்டில் இருந்தார். ஒருநாள் ரவிக்கைத் துணியோடு இரண்டு அவகாடோ பழங்களையும் கொடுத்துவிட்டுப் போனார். அதை என்ன செய்வது என்று எங்களுக்குப் புரியவில்லை. எதிர்வீட்டு நாச்சியம்மா அக்கா ஒன்றை வாங்கிப் போய்ப் புளிக்குழம்பில் போட்டார். அந்தக் குழம்பைப் பற்றி இங்கே பேச வேண்டாம். மாஸ்டர் மற்றொன்றைச் சீனி தொட்டுத் தின்றுவிட்டு, டீச்சர் சொன்னபடியே கொட்டையில் மூன்று பல்குச்சி குத்தி, கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் பாதி முங்கும்படி ஜன்னலில் வைத்தார்.

எந்தப் பக்கம் மேலே என்று டீச்சர் சொல்லவில்லை.

"கூரா இருக்கிறது கழுத்து. கழுத்து மேலதானே இருக்கணும்?" என்றார் மாஸ்டர்.

"கேரட்டுக்குக் கூர் கீழதான்லா!" என்றார் நாச்சியம்மா அக்கா.

யார் மனதையும் நோகடிக்காத மனிதர் மாஸ்டர். ஒரு வாரம் அப்படி, மறு வாரம் இப்படி என்று கொட்டையைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைத்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் டேப்பை எடுப்பார். ஆர்டர் புத்தகத்தில் 'அவகாடோ: மார்பு ஐந்தரை, உயரம் இரண்டு' என்று ஏறும்.

"எதுக்கு மாஸ்டர் இந்தப் பாடு?"

காரிடாரை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது முளைச்சா டீச்சர்கிட்ட கேட்டுடலாம்னு இருக்கேன் தம்பி."

"முளைக்கலன்னா?"

"கேக்க வேணாம்னு அர்த்தம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் டீச்சருக்குச் சிரம்பானிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அவரே நாச்சியம்மா அக்காவிடம் சொல்லியிருந்தார். கொட்டையோ கறுத்து நாற ஆரம்பித்திருந்தது. மாஸ்டருக்கு மூக்கடைப்பு நிரந்தரம் என்பதால் தெரியவில்லை.

தேக்கா மார்க்கெட்டில் ஒரு பழம் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். அவர் பூசைக்குப் போன நேரம் கொட்டையை மாற்றிவைத்தேன்.

"ஆறேகால்! பெருத்திருக்கு தம்பி, உள்ள என்னமோ நடக்குது!" மாஸ்டர் குதித்தார்.

அடுத்த ஞாயிறு அளவு ஐந்து. "இளைச்சிருச்சு. கவலையா இருக்குமோ?" என்று என்னைக் கேட்டார். அந்த வாரம் நான் அதைத் தொடவே இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு ஒளிந்திருந்து பார்த்தேன். நாச்சியம்மா அக்கா பூனை போல வந்து கிளாசுக்குள் கையை விட்டார்.

"என்னக்கா இது?"

"பழசு அழுகிக் கெடந்துச்சுப்பா. பாவமா இருந்துச்சு. போன வாரம் புதுசு ஒண்ணு வச்சேன், அதான் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"அழுகினத நான் அதுக்கு முந்தின வாரமே மாத்திட்டேனே!"

"அப்ப நான் தூக்கிப் போட்டது உன் கொட்டையா? அதுவும் நாத்தம் தாங்கலயே!"

இனி யாரும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டோம். ஒரு வாரம் போனது. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. காலையில் மாஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கிளாசில் கொட்டை பிளந்து, விரல் நீளத்துக்குத் தளிர் நின்றது. முந்தின நாள்வரை ஒரு கீறல்கூட இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

மாஸ்டர் ஆர்டர் புத்தகத்தை விரித்தார். "மார்பு கூடும், குறையும். இருபது வருசமா பாக்கிறேன். உயரம் எப்படிப்பா மாறும்? ரெண்டு, ரெண்டேகால், ஒண்ணரை. முதல் வாரமே தெரியும், உங்க வேலைதான்னு. சரி, இது யாரோடது?"

"சத்தியமா தெரியாது மாஸ்டர்!"

மெஷின் டிராயரிலிருந்து ஓர் ஈரக் கைக்குட்டையை எடுத்தார். "நேத்து டீச்சர் ரவிக்கை போட்டுப் பாக்க வந்தாங்க. துணிய எடுக்க உள்ள போனேன். அவங்க போனப்புறம் இது நாற்காலியில கெடந்துச்சு. இந்த ஓரம் டீச்சருக்கு நான் தைச்சது. முளைச்ச கொட்டைய இதுலதான் சுத்திக் கொண்டாந்திருக்காங்க."

அக்கா கன்னத்தில் கைவைத்தார். "அன்னிக்கு நீங்க தம்பிகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு, நான்தான் டீச்சர்கிட்ட உளறிட்டேன். அப்புறம் என்ன? போய்க் கேளுங்க!"

"என் கொட்டை முளைச்சாத்தானே கேக்கிறதா பேச்சு? இது அவங்களோடதாச்சே. குழப்பமா இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது. "யோவ் மாஸ்டர், அவங்க கேட்டாச்சு! நீர் பதில்தான் சொல்லணும்!"

மாஸ்டர் கிளாசை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு புக்கிட் பாஞ்சாங் பஸ் ஏறினார். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"என்ன மாஸ்டர் சொன்னாங்க?"

"திருப்பிக் குடுக்க வந்தேன்னு சொன்னேன். 'இங்கயே இருக்கட்டும், நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்'ங்கிறாங்க. தெனம் நான் பஸ்ஸுல போய்த் தண்ணி மாத்தணுமா தம்பி?"

அவருக்கு அதை விளக்கிச் சொல்ல எனக்கும் அக்காவுக்கும் அரை மணி நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்: "எனக்காகவா அந்தப் பழத்தையெல்லாம் தின்னீங்க?"

எனக்கு அவகாடோ அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அந்த மனிதருக்காக என்றால் இன்னும் ஒரு கூடை தின்றிருப்பேன்.