புது வெர்ஷன் போட்ட வியாழக்கிழமை

ராகுகாலம் பார்ப்பவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். வேறு யாராவது பார்த்தால் முதல் ஆளாகக் கிண்டல் செய்வேன். ஆனால் புதுச் சாமான் எதையும் ராகுகாலத்தில் தொட மாட்டேன். (செருப்புக்குக்கூட மணி பார்ப்பேன், வெளியே சொல்லிடாதீங்க.) இந்த இரட்டை வேஷத்தால் அடிபட்டது நானில்லை, ஒரு தாயும் மகளும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி அறையில் நானும் ரஹ்மத்தும் கல்யாண வீடியோ செய்கிறோம். கேமரா பிடிப்பது நான். வெட்டி ஒட்டி, கலர் பார்த்து, பாட்டுச் சேர்ப்பது அவன். எந்தக் காட்சியை எங்கே வெட்டினோம் என்ற விவரமெல்லாம் மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரின் டேட்டாபேஸில் இருக்கும். அதுதான் எங்கள் சர்வர்.

அப்போது அதிலிருந்த வேலைகளில் ஒன்று ரஹ்மத்தின் தங்கை ஷமீனாவின் கல்யாணம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவர்கள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, லீவு கிடையாது, தேதியைத் தள்ள முடியவில்லை. ஒரே மகளின் கல்யாணம் நடந்தபோது அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

நாலு மாதம் கழித்து ஷமீனாவுக்கு விசா வந்தது. வெள்ளிக்கிழமை இரவு விமானம். அன்று மதியம் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காக ரஹ்மத் ஒரு மணி நேரப் படம் செய்திருந்தான். வியாழன் சாயங்காலம் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தனிப் படமாகப் பதிவு செய்வதாகத் திட்டம்; அதுவரை அது சர்வரில் மட்டும்தான்.

அந்த வியாழன் காலையில்தான் புது சர்வர் மிஷின் வந்து இறங்கியது. மறுநாள் அஷ்டமி, அதற்கடுத்த நாள் நவமி. அன்றைக்கே, ஒன்றரை மணிக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் ஆரம்பித்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு பரபரப்பு.

மதியத் தொழுகைக்குக் கிளம்பிய ரஹ்மத் வாசலில் நின்று சொன்னான். "மச்சி, நம்ம எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு டேட்டாபேஸ் ஒன்பதாம் வெர்ஷன்தான் ஒத்துக்கும். அதையே போடு. பேக்கப் எடுக்காம பழைய மிஷின்ல கை வெக்காத."

"தெரியும் நைனா, நீ போய்ட்டு வா."

ஒரு மண்ணும் தெரியாது. பதின்மூன்றாம் வெர்ஷன் வந்திருக்கும்போது எவனாவது ஒன்பதைப் போடுவானா? தி. நகரில் போய், "அஞ்சு வருஷத்துக்கு முந்தின சட்டை இருக்கா?" என்று கேட்கும் ஆள் நானில்லை. பதின்மூன்றையே போட்டேன். பேக்கப் பொத்தானை அழுத்தினால் முக்கால் மணி நேரம் காட்டியது. மணியோ ஒன்று. பேக்கப்பை ரத்து செய்துவிட்டு, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்கு இழுத்தேன். பழைய டிஸ்க்கைப் புதியதில் மாட்ட வேண்டும் என்பதால் அதைச் சுத்தமாக அழித்தேன். ஃபோல்டரைப் புது மிஷினில் ஏற்றி, ஒன்று இருபத்தைந்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, டேட்டாபேஸை ஓடவிட்டேன்.

திரையில் ஒரே ஒரு செய்தி வந்தது. இந்த ஃபோல்டர் ஒன்பதாம் வெர்ஷனில் உருவானது, பதின்மூன்றால் திறக்க முடியாது.

ரஹ்மத் உள்ளே வந்தான். "இன்னா மச்சி, கற்பூர வாசன?" என்றவன் என் முகத்தைப் பார்த்தான். உடனே உட்கார்ந்து ஒன்பதாம் வெர்ஷனைப் போட்டான். முடிந்துபோன கல்யாணங்களெல்லாம் சமர்த்தாகத் திறந்தன. ஷமீனாவின் கல்யாணம் மட்டும் திறக்கவில்லை. காலையில் அதைத்தான் அவன் திறந்து வைத்திருந்தான், ஓடும்போது இழுத்ததில் அது அரைகுறையாக வந்திருந்தது. நான் எடுத்த பதினோரு மணி நேர வீடியோ வேறொரு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. அரிசி, பருப்பு எல்லாம் இருக்கிறது, சமைத்த சாப்பாடுதான் போயிற்று.

என்னை அவன் அடித்திருக்கலாம். "அம்மாக்கு இன்னா சொல்றது?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த வீடியோ டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானே ராயப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அம்மா, "போடு நைனா, கீறத பாப்போம்" என்றார்.

வெட்டாத வீடியோ ஓடியது. "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க" என்ற என் அலறல். கேமராவைத் தொங்கவிட்டபோது பதிவான என் பேண்ட் கால். பிறகு பதினெட்டு நிமிடம் வெறும் மின்விசிறி. (கேமராவை அணைக்காமல் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். எலும்பு கடிக்கும் சத்தம் படு துல்லியம்.)

"நேரா நிக்காஹ்க்குப் போயிடலாமாம்மா?" என்று ரிமோட்டை எடுத்தேன்.

"தள்ளாத. நான் இல்லாதப்ப இன்னா இன்னா நடந்துச்சோ, அல்லாத்தையும் பாக்கணும்."

ஆறு மணிக்குக் கார் வந்துவிட்டது. திரையில் ஷமீனாவுக்கு அப்போதுதான் நகை பூட்டிக்கொண்டிருந்தார்கள். சோபாவிலிருந்த ஷமீனா அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு எழுந்து போனாள். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிறுத்து. மிச்சம் அவ வந்தப்பறம்" என்றார். நான் என்னையே வெறுத்த நிமிடம் அது.

ரஹ்மத் படத்தை மறுபடி செய்து முடித்தான். அம்மா அதைத் தொடவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் போன மாதம் ஷமீனா வந்தாள், கையில் ஒரு வயதுப் பையனோடு. படம் போட்டோம். பேரன் டிவியை மறைத்துக்கொண்டு நின்று திரையைப் படார் படார் என்று அறைந்தான். அம்மா அவன் பின்னாலேயே திரிந்தார்.

"அன்னிக்குப் பாத்திருந்தா ஒரு பாட்டம் அழுது தீத்திருப்பேன். இப்ப இவனப் புடிக்கவே நேரம் சரியா கீது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றும் அம்மா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவருதான் எம்பொண்ணு கல்யாணத்த அழிச்சவரு." ரஹ்மத் உடனே ஒன்பது, பதின்மூன்று என்று விளக்க ஆரம்பிப்பான், ஒருத்தருக்கும் புரியாது. போன வாரம் வந்த உறவுக்காரர் ஒருவர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"பொண்ணு இப்ப நல்லாத்தானே கீது?"

"நல்லா இருக்காங்க, ஐயா."

"அப்பறம் இன்னாத்துக்குப்பா நீ இன்னும் இங்க வந்துகினு கீற?"

"தப்பு பண்ணவன்தானேய்யா வரணும்" என்றேன். அவர் அம்மாவிடம் போய், கதவை நன்றாகத் தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னாராம்.