லேப்டாப்புக்குக் காய்ச்சல்

இன்று புது லேப்டாப்புக்குச் சம்மதம் வாங்கியே தீருவது என்று கணவன் கங்கணம் கட்டிக்கொண்டான். பழையதில் புது விளையாட்டு எதுவும் ஓடாது. அந்தக் காரணத்தைச் சொன்னால் மனைவி எழுந்தே போய்விடுவாள். அவள் பள்ளிக்கூடத்து நர்ஸ். நோய் என்றால்தான் காது கொடுப்பாள்.

ஆகவே, பிராசஸர் சூட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கினான். பிராசஸருக்குள் கோர் எனும் நான்கு பகுதிகள், நான்கு எண். நான்கும் நாற்பத்தைந்து டிகிரியில் சொகுசாக உட்கார்ந்திருந்தன. துரோகிகள்! லேப்டாப்பைக் கட்டிலில் கம்பளிக்குள் பாதி புதைத்தான். காற்று போகும் ஓட்டையில் துண்டைத் திணித்தான். பெரிய வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையைப் பின்னால் ஓடவிட்டான். எழுபது... எண்பத்தைந்து... தொண்ணூற்றெட்டு! எண்கள் சிவந்தன. அவனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"ஓடி வா! ஓடி வா!"

ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "யாருக்கு என்னங்க?"

"இதுக்குத்தான்! தொண்ணூத்தெட்டு!"

"அது நார்மல்தானே?"

"அது மனுஷனுக்கு! இது வேற கணக்கு. தண்ணியே கொதிக்கிற சூடு. இனி பிழைக்காது. புதுசுதான்!"

"ஐயோ பாவம்." கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போ, உனக்கு வேலை இருக்கும்."

"காய்ச்சலை விட்டுட்டு எப்படிங்க போறது? பரீட்சை அன்னிக்குப் பசங்க தெர்மாமீட்டரைப் பல்புல காட்டிட்டு வருவாங்க. நான் பக்கத்துலயே உட்கார்ந்துடுவேன். தானா இறங்கிடும்."

அவள் கம்பளியை விலக்கினாள். துண்டை உருவினாள். "குளிருதாமா இதுக்கு?" திரையில் ஓடிக்கொண்டிருந்த வீடியோ வேலையையும் நிறுத்தினாள். எண்பது. அறுபது. நாற்பத்தாறு. அவன் கண்ணெதிரே எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

"பிழைச்சுடுச்சுங்க!" என்று துள்ளியவள், லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"உங்ககிட்ட இருந்தா மறுபடி காய்ச்சல் வரும். இனிமே என் மேஜையிலயே இருக்கட்டும். எனக்கும் ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்."

"அப்ப எனக்கு?"

அவள் குனிந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடே இல்லையே. எழுந்து வந்து பாத்திரத்தைக் கழுவுங்க."