தண்ணிப் பொறுப்பு

கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்ததில்லை. இந்த ஞாயிறு எனக்குத்தான் என்று சபதம் எடுத்தேன். சபதத்தை வீட்டுக்குள் வைத்து எடுத்ததுதான் தப்பு.

நான் அப்துல் ஹக்கீம். விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை. பகலெல்லாம் மிளகாய் நெடி, சாயங்காலம் என் மனைவி பைரோஜா. இரண்டுக்கும் கண்ணில் தண்ணீர் வரும். குழாயில்தான் வராது. நகராட்சியில் எவருக்காவது எங்கள் தெரு ஞாபகம் வந்தால் அன்றைக்கு வரும். அன்று பைரோஜா குடம், டிரம், அண்டா, குக்கர், சாப்பாட்டுத் தூக்கு என்று சகலத்தையும் நிரப்பி மூடிவிடுவாள். எங்கள் வீட்டில் குடங்கள் உட்கார்ந்தது போக மிஞ்சிய இடத்தில்தான் மனிதர்கள் உட்காருகிறோம்.

அப்போதுதான் என் கூட்டாளி சம்சு போன் பண்ணினான்.

“மாப்ளே, ஞாயித்துக்கெளம கயாக் போறோம். ராமநாதபுரத்துக்கு அங்கிட்டு, அலையாத்திக் காட்டுக்குள்ள. குட்டிப் படகு, ஆளுக்கொரு துடுப்பு. தண்ணி ஒம் பொறுப்பு.”

பொறுப்பு! வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பொறுப்பு கொசுவத்தி கொளுத்துவது. போன மாதம் அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

“தண்ணிய எங்கிட்ட விட்டுரு மாப்ளே! ஒருத்தனும் தாகத்தோட திரும்பக் கூடாது!” என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து பைரோஜா கரண்டியோடு வந்தாள்.

“என்ன தண்ணி?”

“குடிக்கிற தண்ணி.”

“அதான் கேக்கேன், எந்தக் குடிக்கிற தண்ணி? அஞ்சு வேளையும் தொழுகுற மாப்பிள்ளைன்னு சொல்லித்தான் எங்க அத்தா கட்டிக் குடுத்தாக.”

“அடியே, பச்சத் தண்ணி! கடல்ல படகு விடப் போறோம்.”

“கடலுக்கா தண்ணி கொண்டு போறீக? அங்கன கெடக்குறது என்னவாம்?”

“அது உப்பு.”

“இங்கன வர்றது மட்டும் கல்கண்டா?”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளிடம் கடைசி வார்த்தை எப்போதும் தயாராக இருக்கும். என்னுடையது மறுநாள் கடையில் வைத்துத்தான் ஞாபகத்துக்கு வரும்.

தண்ணீருக்கு ஏனம் தேடினேன். எண்ணெய்க் கடைக்காரர் ஒரு காலி கேன் தந்தார். எத்தனை கழுவியும் தண்ணீரில் நல்லெண்ணெய் வாசம். இட்லி இல்லாமல் அதைக் குடிக்க முடியாது. இன்னொரு கேனை என் கடையில் ஒரு பகல் வைத்தேன். வத்தல் தூசி இறங்கி, ஒரு மடக்குக் குடித்ததும் காதில் புகை வந்தது. அதுவும் போக, சம்சு ஒரு குண்டு போட்டான்: “கேனு ஆவாது மாப்ளே, படகுல காலு வைக்கவே எடம் இருக்காது. பையா வாங்கு. குடிக்கக் குடிக்கச் சுருங்கணும். ஒரே பெருசா வாங்காத, கிழிஞ்சா எல்லாரும் நாக்க நீட்டிக்கிட்டுத் திரும்பணும். சின்னதா நாலு வாங்கி ரெண்டு பக்கமும் சமமா வையி.”

ஆன்லைனில் நீல நிறப் பைகள் வந்தன. கை உள்ளே நுழைகிற அகல வாய், இறுக்கமான மூடி. வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுக் குலுக்கினேன். எலுமிச்சை பிழிந்து இன்னொரு தடவை. ஈரத்தோடு மூடினால் பாசி பிடிக்கும், வெயிலில் போட்டால் வெடித்துவிடும். ஆகவே மூடியைத் திறந்து நிழலில் கவிழ்த்தேன். கல்யாணமான நாள் முதல் ஒரு டம்ளர்கூடக் கழுவாத என்னைப் பைரோஜா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பேசாமல் இருந்தபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

“அக்கா, இங்கிட்டு வந்து பாருங்க!” என்று பக்கத்து வீட்டுக் கற்பகவல்லியைக் காம்பவுண்டு சுவருக்குக் கூப்பிட்டாள். “எங்க வீட்டுக்காரவுக தண்ணிப் பை கழுவுற அழகப் பாருங்க!”

“அடேயப்பா! அண்ணே, எங்க டிரம்முல ரெண்டு நாள்ல வாடை வந்துருதுண்ணே. என்ன செய்ய?”

என்னிடம் ஒருத்தி யோசனை கேட்டாள்! தலைகால் புரியவில்லை. தண்ணீர் விஷயம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று ஆரம்பித்தேன்.

“வாடை தண்ணியில இல்லம்மா, ஏனத்துல இருக்கு. பழைய தண்ணி மேல புதுசு ஊத்துறீக. ஒழுங்கா தேச்சுக் கழுவுறதில்ல. பொம்பளைகளுக்குத் தண்ணி புடிக்கவே தெரியல. சும்மா கொழாயடியில கூடிப் பேசத்தான் தெரியுது.”

“அப்படியா?” என்றாள் பைரோஜா, மிக மரியாதையாக.

“நான் ஒரு நாள் புடிச்சேன்னா ஒத்த ஆளா, ஒரு சொட்டுச் சிந்தாம, வீடு முழுக்க நெறச்சுருவேன். அது ஒரு வேலையா?”

“கேட்டீகளாக்கா? நீங்கதான் சாட்சி.”

சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன். பைகள் காய்ந்து, மடித்து, தயாராக இருந்தன. பக்கத்தில் பைரோஜாவின் புதுச் செருப்பும் தயாராக இருந்தது.

“நாளைக்குக் காலையில தண்ணி வருதாம்” என்றாள்.

“வரட்டும், புடி.”

“நானா? எனக்கு எங்கன தெரியும்? சும்மா பேசத்தானே தெரியும்! கற்பகவல்லி அக்கா, நாளைக்கு ஒங்க அண்ணன் புடிக்கிறாகளா இல்லையா?”

சுவருக்கு மேல் தலை முளைத்தது. “புடிக்கணும்ல! தெருவுல அம்புட்டுப் பேருக்கும் சொல்லிட்டேன் அண்ணே. ஒங்களப் பாத்து எங்க வீட்டுக்காரரு ஒரு கொடமாவது தூக்குவாரு.”

“நான் கயாக்குக்குப் போகணும்!”

“அந்தக் கவல ஒங்களுக்கு வேணாம்” என்றாள் பைரோஜா. “சம்சு அண்ணங்கிட்டப் பேசிட்டேன். அவுக பொண்டாட்டி பெனாசிரும் கூடப் போகுதாம், படகுல தொணைக்கு ஆள் தேடுச்சு. ஒங்க எடத்துல நான் போறேன். எடத்த வீணாக்கலாமா?”

தெருவே சாட்சியாக நிற்கும்போது ஆம்பளை எப்படிப் பின்வாங்குவது?

விடிந்ததும் என் பைகளோடு சம்சுவின் காரில் ஏறிப் போய்விட்டாள். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். குழாய் என்னைப் பார்த்தது. நான் குழாயைப் பார்த்தேன். வெயில் ஏறியது. காற்றுகூட வரவில்லை. போகிறவன் வருகிறவனெல்லாம் “என்ன பாய், வந்துருச்சா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

சும்மா இருப்பானேன், டிரம்மையாவது தேய்த்து வைப்போம் என்று மூடியைத் தூக்கினேன். கழுத்துவரை தண்ணீர். குடத்தைத் திறந்தேன். தண்ணீர். அண்டா, குக்கர், தூக்கு எல்லாம் தளும்பத் தளும்பத் தண்ணீர். மூடி திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. கேட்டால் டம்ளரில் வரும், குடித்திருக்கிறேன், அவ்வளவுதான். தண்ணி காட்டுவது என்று சும்மா சொல்வார்கள். இவள் வீடு நிறையக் காட்டிவிட்டாள்.

போன் போட்டேன்.

“ஏய், எல்லாம் நெறஞ்சிருக்கு!”

“நேத்து மத்தியானமே வந்துருச்சு. நீங்க கடையில இருந்தீக.”

“பொறகு எதுக்குடி இன்னைக்கு வரும்னு சொன்னே?”

“வராத தண்ணிக்குக் காத்துக் கெடக்குறது எப்படி இருக்கும்னு ஒங்களுக்கும் தெரியட்டும்னுதான். நிக்காஹ் முடிஞ்ச மறு வாரத்துலருந்து நான் கெடக்கேன். ஒரு நாளாவது வந்து ஒரு கொடம் தூக்கியிருக்கீகளா?”

அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அதிகம் எரிந்தது. பின்னால் துடுப்புச் சத்தம் கேட்டது. பெனாசிர் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். பைரோஜாவும் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்குள் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

“எப்ப வருவே?” என்றேன், குரலை இறக்கி.

“ராத்திரி ஆயிரும். அப்படியே ஏர்வாடி தர்காவுக்கும் போயிட்டு வாறோம்.”

“அப்ப எனக்குச் சோறு?”

“ஆக்கலியே” என்றாள். “வீடு நெறைய நல்ல தண்ணி இருக்குல்ல, குடிங்க.”