எனக்கு நானே வைத்த சிலை

செத்த பிறகு ஊரார் சிலை வைப்பார்கள் என்று காத்திருப்பவன் மடையன். எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் செத்தவனுக்கு மாலை வாங்கவே பத்துத் தடவை யோசிப்பார்கள். அதனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே எனக்கு நானே சிலை வைத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வருஷம் லூனாஸ் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஜாகாக்களுக்கு, அதாவது காவல்காரர்களுக்கு, சூப்பர்வைசராக இருந்தவன் இந்தப் புவனேசன். யார் எந்த நோட்டை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். படித்துப் பார்க்க மாட்டேன். படிப்பது குமாஸ்தாவின் வேலை. என் கையெழுத்து அவ்வளவு அழகு, போடாமல் இருக்க மனசு வராது.

கோபுர வேலை செய்கிற மணியத்தைப் பிடித்து, சிமெண்டில் ஆளுயரத்துக்கு என்னைச் செய்யச் சொன்னேன். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த கோலம். வலது கையில் கடிகாரம், ஏனென்றால் நான் வலது கையில்தான் கட்டுவேன். மீசை மட்டும் நிஜத்தைவிடக் கொஞ்சம் தாராளம். அதை வாசலில், காடி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அந்த இடத்தின் மேல்தான் என் மனைவி பிரேமாவதிக்கு ரெண்டு வருஷமாக ஒரு கண். நாலு மேசை போட்டு இடியாப்பக் கடை வைக்க வேண்டுமாம். சூப்பர்வைசர் வீட்டு வாசலில் மாவு பிழிவதா என்று நான் ஒரே போடாகப் போட்டுவிட்டேன்.

சிலை வந்த பிறகு வேறு ஒரு கூத்து. மீசையையும் முறைப்பையும் பார்த்து, பாடாங் மேஹா பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அதை முனியாண்டி என்று நினைத்துவிட்டார்கள். முதலில் மோட்டாரில் போகும்போதே ஹாரன் அடித்துக் கும்பிட்டார்கள். அப்புறம் எலுமிச்சம்பழம் வந்தது. சுருட்டு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை யாரோ சேவலையே கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. உள்ளதைத்தானே கும்பிடுகிறார்கள்.

"நான் இந்த வீட்டுக்குப் பொண்டாட்டியா, பூசாரியா?" என்று கேட்டாள் பிரேமாவதி. சிலையை எடுக்கச் சொன்னாள். என் உயிர் போனாலும் அது போகாது என்றேன்.

அதன் பிறகு ரெண்டு வாரம் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகியும் புத்தி வராத ஜென்மம்.

ஒரு நாள் அவளே வந்து, சிலையில் சாயம் மங்கிவிட்டது, மணியம் அண்ணனிடம் கொடுத்துப் பழசைச் சுரண்டிவிடலாம் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லோரி ஏற்பாட்டுக்கு என்று மலாயில் அச்சடித்த ஒரு விண்ணப்பப் பாரம் நீட்டினாள். ரெண்டு இடத்தில் கேட்டாள், மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

லோரி வந்தது, சிலை போனது. ரெண்டு மாதம் கழித்து மணியத்தை வழியில் பிடித்துக் கேட்டேன். "சாயத்தைச் சுத்தமா சுரண்டியாச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு மோட்டாரை முறுக்கிக்கொண்டு பறந்தான். வேலைக்காரன் என்றால் அப்படித்தான், நிற்க நேரமிருக்காது.

அப்போதுதான் பிரேமாவதி கல்யாண நாளுக்கு ஒரு தீவுக்குப் போகலாம் என்றாள். அங்கே கடலுக்கடியில் சிலைகளை வைத்துக் காட்சிக்கூடம் கட்டியிருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிள்ளையாரைத் தண்ணீரில் விடுகிறோம், சரி, அவர் களிமண், கரைந்து போவார். நாலு பேர் பார்க்க வேண்டிய சிலையைக் கடலில் போடுகிறவனை எந்த ஆஸ்பத்திரியில் போடுவது? இருந்தாலும் போனேன். கட்டுச்சோறு கட்டியிருந்தாள்.

கண்ணாடி அடி வைத்த படகு. ஒரு மலாய்க்காரப் பெண் விளக்கம் சொன்னாள். பவளம் செத்துப்போன இடத்தில் இந்தச் சிலைகளை இறக்கினார்களாம். இப்போது மறுபடி பவளம் ஒட்டுகிறதாம், மீன் வந்து முட்டையிடுகிறதாம். எங்கள் தாமானில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், இங்கே மீனுக்குச் சொந்த வீடு என்றேன். படகில் யாரும் சிரிக்கவில்லை. ரசனை கெட்ட கூட்டம்.

முதல் சிலை கூடை சுமந்த மீன்காரி. இடுப்பு சரியில்லை என்றேன். அடுத்தது எருமை. அதுதான் கொஞ்சம் மனுஷ ஜாடையில் இருக்கிறது என்றேன். மூன்றாவதைச் சுற்றி மீன் கூட்டம். பாசி படிந்த தொப்பை ஒன்று தெரிந்தது. கால்மேல் கால் வேறு.

"இந்த மூஞ்சிய வீட்டுல வச்சிக்க முடியாமத்தான் கடல்ல கொண்டாந்து போட்டிருக்கானுங்க" என்றேன்.

படகே குலுங்கியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது பிரேமாவதிதான்.

"சத்தியமான வார்த்தைங்க" என்றாள்.

மீன்கள் விலகின. வலது கையில் கடிகாரம்.

படகை நிறுத்தச் சொன்னேன். அது என் சிலை, திருட்டுச் சொத்து, உடனே தூக்கு என்று மலாயிலும் தமிழிலும் கத்தினேன். அந்தப் பெண் பதறவே இல்லை. போனைத் திறந்து ஒரு பாரத்தைக் காட்டினாள். வேண்டாத சிமெண்டுச் சிலைகளைப் பொதுமக்கள் தரலாம், சாயத்தை மட்டும் சுரண்டித் தர வேண்டும் என்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாரத்தை முழுசாகப் படித்தேன். கீழே மூன்று கையெழுத்து. மூன்றும் அழகாக இருந்தன.

மடியில் மீன் முட்டையிட்டிருப்பதால் இனி அதை யாரும் அசைக்கக் கூடாது, தொட்டாலே அபராதம் என்றாள் அந்தப் பெண்.

"என்ன பண்ணிட்ட பிரேமா?"

"விடுங்க லா. வீட்டுல இருந்தப்ப சேவல்தான் வந்துச்சு. இப்ப பாருங்க, உங்க மடியில எத்தன புள்ளைங்க."

எனக்கு அழுகை வந்தது. மூக்குக்குள் உப்புக் காற்று என்று சமாளித்தேன்.

வீடு திரும்பினால் வாசலில் நாலு மேசை போட்டாகிவிட்டது. போட்டது மணியம். சிலை இருந்த இடத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் தேங்காய்த் துருவி.

இப்போது தினமும் விடிந்ததும் அந்த நாற்காலியில் நான்தான். மீசை அப்படியே இருக்கிறது, முறைப்பும் இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் என் முன்னால் மோட்டாரை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்கள்.

"அண்ணே, ரெண்டு பொட்டலம். தேங்காப்பூ கூடப் போடுங்க."