நெடுவான் கப்பல் மீது ஒரு விசாரணை

உயிரே போனாலும் ஒரு புத்தகம்கூட இந்த வீட்டை விட்டுப் போகாது என்று லிஃப்ட்காரர் சபதம் செய்தார். வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்ததால் சபதம் நுரையாகத்தான் வந்தது. யாருக்கும் புரியவில்லை.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல, பழுது பார்ப்பவர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டவர் அவர்தான். வீட்டில் மட்டும் அவருக்கு நிரந்தரமாகத் தரைத்தளம். மனைவி ஒரு மருத்துவமனையின் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதல் காரியமாகத் திருப்பிப் பார்த்துக் காலாவதித் தேதியைத் தேடுவாள். கல்யாணமான புதிதில் கணவரையும் அப்படி ஒரு தடவை திருப்பிப் பார்த்ததாகக் கேள்வி.

வம்பு சுவரில் ஆரம்பித்தது. சின்ன அறையின் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. சுரண்டி, பூசி, வெள்ளையடிக்க ஆள் வந்தாயிற்று. அறையில் இருந்த அறுபத்தொரு புத்தகங்களும் கூடத்துக்கு வந்து, தொடை உயரத்துக்கு ஐந்து அடுக்காக நின்றன.

அறுபத்தொன்றும் ஒரே வம்சம். 'நெடுவான் கப்பல்' என்று ஒரு விண்வெளித் தொடர் டிவியில் ஒன்பது வருடம் ஓடியது. பிறகு மூன்று படமாக ஓடியது. அதற்கப்புறம் ஓடத் தெம்பில்லாமல் புத்தகமாக உட்கார்ந்துவிட்டது. கப்பல் கிளம்புவதற்கு முன்னால் என்ன நடந்தது, திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது, நடுவில் விளம்பர இடைவேளையில் என்ன நடந்தது, எல்லாவற்றுக்கும் நாவல் உண்டு. கப்பலின் சமையல்காரருக்கே தனியாக ஐந்து பாகம்.

"இதெல்லாம் திரும்பவும் உள்ள போகணுமா?" என்றாள் மனைவி.

"பின்னே, வெளியிலயே இருக்குமா?"

"இருக்கணுமான்னுதான் கேக்கறேன்."

இந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மெய்ப்புக்காரர் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தட்டு ஓரத்தில் ஏதாவது ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார். அடுக்குகளைச் சுற்றி வந்து மூக்கைச் சுளித்தார்.

"படம் வந்ததுக்கப்புறம் நாவல் எழுதறது, பிள்ளை பிறந்ததுக்கப்புறம் கல்யாணம் பண்ற மாதிரி சார்."

"கல்யாணம் நடந்துதா இல்லையா? அதுதானே முக்கியம்?"

"நாவல்னா நாக்குல கொஞ்சமாவது கறை ஒட்டணும். இது ஒட்டுமா?"

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் உண்மையைப் பேசிவிடுவார். அதுதான் அவரிடம் உள்ள ஒரே பழுது.

"பிரமாதமா எழுதியிருக்குன்னு நான் எப்ப சார் சொன்னேன்? ஒன்பது வருஷம் அவங்களோட பழகினேன். திடீர்னு ஒரு நாள் தொடரை நிறுத்திட்டாங்க. அவங்க அப்புறம் என்ன ஆனாங்க, சௌக்கியமா இருக்காங்களான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தீர்ப்பு மாதிரி ஒன்று சொன்னாள். "சரி. ஞாயித்துக்கிழமை காலையில வச்சுக்கலாம். நான் மூணு புத்தகம் எடுப்பேன். தானா எந்தப் பக்கம் திறக்குதோ அதைப் படிப்போம். மூணுலயும் மனுஷனுக்கு உருப்படியா ஒரு வரி இருந்தா எல்லாமே உள்ள போகட்டும். இல்லைன்னா ஒண்ணுகூடப் போகாது. ஆனா ஒரு நிபந்தனை. நல்ல வரின்னு ஒத்துக்கிட்டா அதன்படி நடக்கணும். படிச்சு என்ன பிரயோஜனம், நடக்கலைன்னா?"

மெய்ப்புக்காரரை நடுவராக வைத்தார்கள்.

தானாகத் திறக்கும் பக்கம்! லிஃப்ட்காரர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். கதவு எங்கே திறக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதானே அவர் பிழைப்பு?

மறுநாளிலிருந்து அவருடைய கருவிப் பை கனத்தது. தினம் பத்துப் புத்தகம் பைக்குள் போயிற்று. ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் இருக்கிற அறையில் உட்கார்ந்து நல்ல வரியாகத் தேடினார். கிடைத்ததும் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து, முதுகைக் கிளாம்பில் வைத்து இறுக்கி, ஒரு மணி நேரம் விட்டுவிடுவார். அப்புறம் அந்தப் புத்தகத்தை யார் கையில் வைத்தாலும் அதே பக்கத்தில்தான் வாயைப் பிளக்கும். சனிக்கிழமைக்குள் பன்னிரண்டு வரி தேறியது. ஐந்து புத்தகத்துக்கு ஒரு நல்ல வரி. தங்கச் சுரங்கத்தில்கூட இந்தக் கணக்குக்குக் கிடைக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பன்னிரண்டையும் அடுக்குகளின் உச்சியில், கை எட்டுகிற உயரத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெய்ப்புக்காரர் சிவப்புப் பேனாவோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார். மனைவி முதல் அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்தாள். உள்ளங்கையில் வைத்தாள். சமர்த்தாகத் திறந்தது.

"கப்பலின் அடித்தளத்தைக் கழுவாதவனுக்கு மேல்தளத்தில் நின்று கட்டளையிட உரிமை இல்லை" என்று படித்தாள்.

மெய்ப்புக்காரர் வாங்கிப் பார்த்தார். பேனாவுக்கு வேலை இல்லை. "தேவலை" என்றார்.

"தேவலையா? அருமையான வரி சார்!" என்றாள் மனைவி. "ஏங்க, நம்ம பாத்ரூமைக் கழுவி எத்தனை நாளாச்சு?"

"நேத்துதானே நீ கழுவின?"

"கழுவினது நான். அங்க சோப்பு இல்லை, இங்க டவல் இல்லைன்னு கட்டளை போட்டது யாரு?"

வாரம் ஒரு நாள் பாத்ரூம் அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. அறுபத்தொரு புத்தகத்துக்காக ஒரு பாத்ரூம். போகட்டும் என்று விட்டார்.

இரண்டாவது புத்தகமும் உச்சியிலிருந்தே வந்தது. சமையல்காரரின் மூன்றாம் பாகம். "பசித்தவனிடம் வீரம் பேசாதே, முதலில் அடுப்பை மூட்டு."

"மூட்டிடுங்க" என்றாள் மனைவி.

"எதை?"

"அடுப்பை. மத்தியானச் சமையல் இன்னைக்கு உங்களுது. சாரும் நம்மளோடதான் சாப்பிடறார்."

மெய்ப்புக்காரர் முகத்தில் முதன்முறையாகக் கவலை தெரிந்தது. லிஃப்ட்காரருக்கோ கவலையே இல்லை. இன்னும் ஒன்று. அதுவும் தேறிவிட்டால் கப்பல் கரை சேர்ந்த மாதிரி.

மூன்றாவதற்கு மனைவி உச்சிக்குக் கை நீட்டவில்லை. குனிந்தாள். கடைசி அடுக்கில், அடியிலிருந்து மூன்றாவதாக இருந்த புத்தகத்தை உருவினாள். லிஃப்ட்காரர் தடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். அது அவர் தொடாத புத்தகம். அதில் பாதிக்கு மேல் எந்திர பாகங்களின் பட்டியல். மீதி, அந்தப் பட்டியலைப் பற்றிய சண்டை.

மனைவி அதை உள்ளங்கையில் வைத்தாள். லிஃப்ட் கதவு மாதிரி இரண்டு பக்கமும் அழகாக விலகித் திறந்துகொண்டது.

அப்பாடா என்று மூச்சு விடப் போனவர், பாதியில் நிறுத்தினார். கிளாம்பைப் பார்க்காத புத்தகம் இப்படித் திறக்காதே. எட்டிப் பார்த்தார். பக்கத்தின் ஓரத்தில் இளம்பழுப்பாக ஒரு முக்கோணத் தடம். இஸ்திரிப்பெட்டியின் மூக்கு.

மனைவியைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு, தூங்கப் போறப்ப ஒண்ணு என்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது இருக்குமே, அந்த முகத்தோடு நின்றிருந்தாள்.

"நீ... இதை முன்னாடியே..."

"எதை?"

எதை என்று சொன்னால் கிளாம்ப் வெளியே வரும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

"ஒண்ணுமில்லை. படி."

"பகைவனின் முதல் செய்திக்காகக் காத்திருக்கும் கப்பல், காத்திருந்தே துருப்பிடிக்கும்."

மெய்ப்புக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒட்டிடுச்சு சார்" என்றார். "கறை ஒட்டிடுச்சு. நான் தோத்துட்டேன். எல்லாத்தையும் உள்ள வைங்க."

"வைக்கலாம்" என்றாள் மனைவி. "அதன்படி நடந்துட்டு வைக்கலாம். நாம யார் பேசட்டும்னு காத்துக்கிட்டிருக்கோம்?"

அது லிஃப்ட்காரருக்குத் தெரியும். மாமியார். இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மாமியார். லிஃப்ட்காரர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அது வேறு கம்பெனி லிஃப்ட், அந்தக் கம்பெனி ஆள்தான் தொட வேண்டும், அதுதான் விதி என்று விளக்கினார். விளக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடச் சொன்னார். விதி சரிதான். கரண்டிதான் தப்பாகப் போயிற்று. நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்த மாமியார், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "என் பொண்ணை ஒரு ஏணிக்குக் கட்டி வச்சிருந்தா, ஆத்திர அவசரத்துக்கு ஏறி இறங்கவாவது உதவியிருக்கும்." அன்றோடு பேச்சு நின்றது. அவங்க முதல்ல பேசட்டும் என்று இவர். மாப்பிள்ளை முதல்ல பேசட்டும் என்று மாமியார். நடுவில் மனைவி, இரண்டு மாடிக்கும் நடுவே நின்ற லிஃப்ட் மாதிரி.

போனை அவர் கையில் கொடுத்தாள். மணி அடித்தது.

"யாரு?"

"நான்தான் அத்தை. மாப்பிள்ளை."

"எந்த மாடியிலேர்ந்து?"

"தரைத்தளத்துலேர்ந்துதான் அத்தை."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு உட்கார்ந்த சாப்பாடு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை. அன்னைக்கு நான் எழுந்து வந்திருக்கணும். கதவைத் திறக்க முடியலைன்னாலும், வெளியில நின்னு பேசிக்கிட்டாவது இருந்திருக்கணும்."

மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெய்ப்புக்காரர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அடுத்த மாதம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்பதும், ஆபரேஷனுக்குப் பிறகு இங்கே தங்கப் போகிறார் என்பதும், அதற்காகத்தான் சின்ன அறை தயாராகியிருக்கிறது என்பதும் அன்று சாப்பிடும்போது லிஃப்ட்காரருக்குத் தெரிவிக்கப்பட்டன. மூன்று வருடமாகக் கண்ணில் படாத ஓதம் போன மாதம் திடீரென்று உறுத்தியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் சமைத்ததை மூவரும் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினார்கள்.

மாமியார் வந்தார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது கண்ணில் கட்டு. இரண்டு வாரம் படிக்கக்கூடாது, டிவி பார்க்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. மகளுக்குப் பகலில் மருந்துக் கடை. மாப்பிள்ளைக்கு அந்த மாதம் மாலை முறை. பகல் முழுக்க வீட்டில்தான். சின்ன அறையில் கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் நெடுவான் கப்பல்.

"சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு இதுல ஒண்ணை எடுத்துப் படிங்களேன் மாப்பிள்ளை" என்றார் மாமியார். குரலில் பெரிய ஆவல் ஏதும் இல்லை.

அவர் முதல் பாகத்தை எடுத்தார். முதல் நாள் மாமியார் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஆளுக்கு வீடு வாசல் கிடையாதா?" மூன்றாம் நாள் கப்பல் தலைவனைத் திட்ட ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் நேரத்தில் கையை வைத்தார்.

"திங்கட்கிழமை கிளம்பி மூணு நாள் போனவன் செவ்வாய்க்கிழமை எப்படிப் போய்ச் சேருவான்?"

"அது கால வளைவு அத்தை."

"எங்க டிப்போவுல டிரைவர்களும் அதைத்தான் சொல்வாங்க."

மெய்ப்புக்காரர் தினமும் பதினொரு மணிக்குப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வருவார். ஒரு மணி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். லிஃப்ட்காரர் ஆளுக்கொரு குரலில் படிக்கப் பழகிவிட்டார். மோசமான பாகங்களும் இருந்தன. எந்திரப் பட்டியல் வந்தபோது மூன்று பேருமே தூங்கிவிட்டார்கள். ஆனால் சமையல்காரர் வயதாகிப்போய்க் கப்பலை விட்டு இறங்கும் அத்தியாயத்தில், மாமியார் கட்டுப் போட்ட கண்ணைத் துடைக்கப் போனார். லிஃப்ட்காரர் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க அத்தை. டாக்டர் திட்டுவார்."

"படிக்கறதை நிறுத்தாதீங்க" என்றார் மாமியார். அத்தியாயம் முடிகிற வரைக்கும் கையை விடுவிக்கவும் இல்லை.

இரண்டு வாரம் முடிந்தது. கண் பளிச்சென்று தெரிகிறது, இனி ஊருக்குப் போகலாம், எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். லிஃப்ட்காரருக்குப் படித்துப் படித்துத் தொண்டை கட்டியிருந்தது; இருந்தும் வீட்டுக்கு வந்ததும் உற்சாகமாக மாமியாரின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். மாமியார் கட்டிலை விட்டு எழவில்லை.

"ஏழாவது பாகம் பாதியில நிக்குதே மாப்பிள்ளை."

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்க்கையிலேயே பெரிய தியாகத்தை ஒரே மூச்சில் செய்தார். "எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க அத்தை. அத்தனையும் உங்களுக்குத்தான்."

மாமியார் மகளைப் பார்த்தார். மகள் பெட்டியை வாங்கி மறுபடியும் பரண்மேல் வைத்தாள்.

"புத்தகத்தை எடுத்துட்டுப் போயிடலாம் மாப்பிள்ளை" என்றார் மாமியார். "படிச்சுக் காட்டற ஆளை எப்படி எடுத்துட்டுப் போறது?"